கெத்தை: 43 வளைவுகள், ஒரே கியர்

ஊட்டிக்கு வழி கேட்டால் யாரும் யோசிக்காமல் சொல்வது மேட்டுப்பாளையம். அங்கிருந்து குன்னூர் வழியாக ஒரு ரோடு, கோத்தகிரி வழியாக ஒரு ரோடு. கொஞ்சம் ஊர் சுற்றியவர்கள் மசினகுடியில் இருந்து ஏறும் கல்லட்டியைச் சொல்வார்கள். 36 கொண்டை ஊசி வளைவு என்று கண்ணை உருட்டிக்கொண்டே சொல்வார்கள். 43 வளைவு உள்ள இன்னொரு பாதை இதே நீலகிரிக்கு உண்டு என்றால் நம்பாதவர்கள்தான் அதிகம். காரமடையில் மேற்கே திரும்பி, வெள்ளியங்காடு தாண்டி, கெத்தை வழியாக மஞ்சூருக்குப் போகும் பாதை அது.

இந்தப் பாதை ஊட்டிக்குச் சுற்று வழி. அதனால் அவசரக்காரர்கள் வருவதில்லை. வழியில் போட்டோ பாயிண்ட் இல்லை, சாக்லேட் கடை இல்லை, குதிரை சவாரி இல்லை. எப்போதாவது ஒரு பஸ், ஒரு மின்வாரிய ஜீப், காய்கறி ஏற்றிய ஒரு பிக்கப் வண்டி. மீதி நேரம் ரோடு காட்டுக்குச் சொந்தம். சைக்கிள் ஓட்டுபவனுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் சும்மா கிடைக்காது. வெள்ளியங்காடு சமவெளியை ஒட்டிய ஊர். மஞ்சூர் மலைமேல் தேயிலைக்கு நடுவில் இருக்கும் ஊர். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 1500 மீட்டர் செங்குத்து உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அப்படிப் பார்த்தால் கீழே பனியன் நனைய வியர்த்தவனுக்கு மேலே ஸ்வெட்டர் தேவைப்படும். ஒரே நாளில், ஒரே ரோட்டில், சொந்தக் காலால் மிதித்து இரண்டு பருவங்களைப் பார்க்கலாம்.

இந்தப் பாதையில் ஏறப் போனவர்களில் இரண்டு பேரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒருவன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிப்பவன். இன்னொருவன் அவனுடைய சித்தி மகன், பிளஸ் டூ முடித்தவன். வீடு காரமடைப் பக்கம். மொட்டை மாடியில் நின்றால் மேற்கே நீலநீலமாக இந்த மலைதான் தெரியும். பதினேழு வருடமாகப் பார்க்கிறான், ஒரு தடவை கூட ஏறியதில்லை. மே மாதம் ஒரு திங்கட்கிழமை முதல் அவனுக்கு லேத் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவிர லீவு கிடையாது. அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை ஏறி, மஞ்சூரில் நண்பன் வீட்டில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை இறங்கிவிடுவது என்று திட்டம்.

அண்ணனிடம் இருந்தது செகண்ட் ஹேண்டில் வாங்கிய கியர் சைக்கிள். தம்பியிடம் இருந்தது பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிள். கேரியர், முன்கூடை, மணி எல்லாம் உண்டு. கியர் மட்டும் கிடையாது.

"என்னோட சைக்கிளை எடுத்துக்கடா, நான் உன்னோடதுல வர்றேன்" என்று அண்ணன் சொல்லிப் பார்த்தான்.

"வேண்டாண்ணா. இது ரெண்டு வருசம் என்னைய ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போச்சு. மேலயும் இதுலதான் போகோணும்" என்று விட்டான் தம்பி.

கியர் என்பது என்ன என்று சைக்கிள் ஓட்டும் பலருக்கே தெரிவதில்லை. கியர் பலத்தைக் கூட்டாது. ஒரு மிதிக்கு வண்டி எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்பதை மாற்றும், அவ்வளவுதான். சாதாரண சைக்கிளில் பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றினால் வண்டி சுமார் 5 மீட்டர் நகரும். சமதரையில் அது சுகம். மேட்டில், அந்த 5 மீட்டருக்கான ஏற்றம் முழுவதையும் ஒரே சுற்றில் தூக்கியாக வேண்டும். மலைக்கு ஏற்ற கியரில் சிறிய முன்பல் சக்கரத்தையும் பெரிய பின்பல் சக்கரத்தையும் போட்டால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டர்தான் நகரும். நெல் மூட்டையை ஒரே தம்மில் மாடிக்குத் தூக்குவதற்கும், படி படியாகப் பிரித்துக் கொண்டு போவதற்கும் உள்ள வித்தியாசம். மொத்த வேலை அதேதான், முழங்காலுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

வெள்ளியங்காட்டில் டீயும் பன்னும் சாப்பிட்டு, ஆளுக்கு மூன்று பாட்டில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு கிளம்பினார்கள். முதல் சில கிலோமீட்டர் காடு வறண்டு கிடந்தது. மூங்கில், முள்மரம், மேயும் மாடுகள். அப்புறம் சரிவு வந்தது. முதல் வளைவைத் தம்பி சீட்டில் இருந்து எழுந்து நின்று மிதித்துத் தாண்டினான். இரண்டாவதையும் அப்படியே. நான்காவதில் இறங்கிவிட்டான்.

இறங்கியதும் முகம் சுண்டிப்போனது. "தள்ளிட்டுப் போனா ஏறுனதா கணக்கா?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. இதற்கு நூறு வருடத்துக்கு முந்தைய பதில் ஒன்று இருக்கிறது. டூர் தெ பிரான்ஸ் பந்தயம் 1910இல் முதல் முறையாகப் பிரெனீஸ் மலையின் உயரமான கணவாய்களுக்குப் போனது. அப்போது அது மண் ரோடு, கனமான வண்டி. மலை வந்ததும் உலகத்தின் சிறந்த வீரர்கள் பலரும் இறங்கித் தள்ளினார்கள். தூர்மாலே கணவாயை இறங்காமல் மிதித்தே ஏறியதற்காக குஸ்தாவ் கரிகு என்பவருக்கு 100 பிராங்க் தனிப் பரிசு கிடைத்தது. அந்த வருடம் மொத்தப் பந்தயத்தையும் ஜெயித்தது அவரல்ல, ஒக்தாவ் லபீஸ். அவரும் அந்த மலையில் தள்ளிக்கொண்டு நடந்தவர்தான்! ஓடும்போதே கியர் மாற்றும் டிரெய்லர் என்ற கருவியை அந்தப் பந்தயத்தில் 1937 வரை அனுமதிக்கவே இல்லை. கியர் வைத்துக்கொள்வது ஆண்மைக்கு அழகல்ல என்ற மாதிரி ஒரு வீம்பு. அந்த வீம்புக்குப் பலியான முழங்கால்கள் எத்தனையோ.

அண்ணன் இதையெல்லாம் சொன்னதும் தம்பி கொஞ்சம் தெளிந்தான். அதன்பிறகு ஒரு ஒழுங்கு வந்தது. சரிவு குறைந்த இடத்தில் மிதிப்பது, வளைவில் தள்ளுவது. அண்ணன் சின்ன கியரில் நிதானமாக ஏறி, அடுத்த வளைவில் கல்மேல் உட்கார்ந்து காத்திருப்பான். ஒவ்வொரு வளைவுக்கும் தம்பி ஒரு புளியங்கொட்டையைச் சட்டைப் பையில் இருந்து பேண்ட் பைக்கு மாற்றினான். வீட்டில் எண்ணி எடுத்து வந்தது, சரியாக 43.

இந்த ரோட்டின் அமைதி வேறு மாதிரி. பைக்கில் போனால் தெரியாது. சைக்கிளில் போனால் முதலில் கேட்பது சொந்த மூச்சு. அப்புறம் செயின் சத்தம். இரண்டும் பழகிய பிறகு காடு கேட்க ஆரம்பிக்கும். ஓடைப் பக்கம் சீகாரப் பூங்குருவி, ஏதோ பையன் பொழுது போகாமல் விசில் அடிப்பது போலவே பாடும். மேலே கிளை ஆடினால் மலை அணில். ரோட்டில் யானை லத்தி கிடந்தால் அது பழையதா புதியதா என்று பார்க்கும் பழக்கம் தானாக வந்துவிடும்.

வழியில் ராட்சதக் குழாய்கள் மலைச்சரிவில் இறங்குவது தெரியும். குந்தா நீர்மின் திட்டம். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நாட்டின் உதவியோடு கட்டியது. மேலே அவலாஞ்சி, எமரால்டு என்று அணைகளில் தேங்கும் தண்ணீர், படிப்படியாக ஒவ்வொரு மின்நிலையமாக இறங்கி வருகிறது. கெத்தை, பரளி, பில்லூர் என்று ஒரே தண்ணீர் திரும்பத் திரும்ப வேலை செய்கிறது. கடைசியில் பில்லூர் அணையில் நின்று கோவைக்குக் குடிதண்ணீராகவும் போகிறது. கெத்தை மின்நிலையத்தின் திறன் மட்டும் 175 மெகாவாட்.

அந்தக் குழாய்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அண்ணன் ஒரு கணக்குப் போட்டான். ஆளும் சைக்கிளும் சேர்த்து 75 கிலோ. 1500 மீட்டர் உயரம். புவியீர்ப்போடு பெருக்கினால் சுமார் 11 லட்சம் ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல்.

"அப்ப நான் நாள் பூரா ஏறுனா எத்தன யூனிட்டுண்ணா?"

"ஒரு யூனிட்ல மூணுல ஒரு பங்கு கூட வராதுடா."

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. "வீட்டுல ஃபேனை மறந்து ஓட விட்டுட்டு வந்திருப்பேன். அதுவே இதவிட அதிகமா இருக்கும்போல" என்று சொல்லிச் சிரித்தான்.

உடம்பு ஒன்றும் நூற்றுக்கு நூறு திறமையான இயந்திரமல்ல. சாப்பாட்டின் சக்தியில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போய்ச் சேரும், மீதி வெப்பமாகப் போகும். அதனால் அந்த மூன்றில் ஒரு பங்கு யூனிட்டுக்கு ஏறக்குறைய 1000 கலோரி எரிக்க வேண்டும். இட்லிக் கணக்கில் சொன்னால் இருபது இட்லிக்குப் பக்கம். வெறும் டீ பன்னோடு இந்த மலைக்கு வருபவர்களுக்குப் பாதியில் கண் இருட்டுவது இதனால்தான். வெல்லம், வேர்க்கடலை, வாழைப்பழம் மூன்றும் பையில் இருந்தால் பிழைத்தார்கள்.

மதியம் இரண்டரை மணி. தம்பியின் பேண்ட் பையில் 31 புளியங்கொட்டை இருந்தது. இன்னும் 12தான். காற்றில் குளிர் வந்துவிட்டது. மேகம் சரிவில் இறங்க ஆரம்பித்திருந்தது. அப்போதுதான் மேலிருந்து பஸ் வந்தது. டிரைவர் இவர்களைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார்.

"எங்கீங்க தம்பி, மஞ்சூருக்குங்களா?"

"ஆமாங்கண்ணா."

"மேல ரெண்டு வளைவு தாண்டி ரோட்டுலயே ஆனை நிக்குதுங்க. அஞ்சு உருப்படி, குட்டியும் இருக்குது. நாங்களே முக்கா மணி நேரம் நின்னுதான் வந்தோம். நீங்க சைக்கிள்ல போகாதீங்க. கீழ திரும்பிடுங்க."

பஸ் போய்விட்டது. மறுபடி அமைதி. காலையில் இருந்து ரசித்துக்கொண்டு வந்த அதே அமைதிதான், இப்போது வேறு மாதிரி இருந்தது.

இருவரும் அங்கேயே உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் காத்திருந்து பார்ப்பது என்று முடிவு. யானைகள் இறங்கிப் போய்விட்டால் ஏறலாம். ஆனால் போய்விட்டது என்று எப்படித் தெரியும்? வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பது வளைவில் திரும்பினால்தான் தெரியும். பஸ்ஸுக்குள் இருப்பவர்களுக்கு இரும்புக் கூடு இருக்கிறது, ரிவர்ஸ் கியர் இருக்கிறது. ஒரே கியர் உள்ள சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேடு ஏறுபவனுக்கு எதுவும் இல்லை. குட்டியோடு இருக்கும் யானைக்கு எதிரே வருபவன் நல்லவனா கெட்டவனா என்று தெரியவும் வேண்டியதில்லை.

மூன்றரை மணி வரை வேறு வண்டி எதுவும் வரவில்லை. மூங்கில் ஒடியும் சத்தம் மட்டும் ஒரு தடவை கேட்டது, தூரத்திலா பக்கத்திலா என்று சொல்ல முடியாதபடி.

அண்ணன் எழுந்தான். "வாடா, இறங்கலாம்."

"அண்ணா, பன்னெண்டு வளைவுதாண்ணா."

"தெரியும்டா."

"திங்கக்கிழமைல இருந்து எனக்கு லீவே இல்லண்ணா. அப்புறம் எப்ப?"

இதற்கு அண்ணனிடம் பதில் இல்லை. அவனுக்கு இன்னும் இரண்டு வருடம் காலேஜ் இருக்கிறது. செமஸ்டர் லீவு, பொங்கல் லீவு, ஸ்டடி லீவு என்று வருடம் முழுக்க மலை ஏறலாம். தம்பிக்கு அந்த ஒரு சனிக்கிழமைதான். 'அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்வது யாருக்கு நிறைய லீவு இருக்கிறதோ அவனுக்குச் சுலபம். அதனால் அண்ணன் அதைச் சொல்லவில்லை. "இப்பப் போனா மஞ்சூர் சேர ரெண்டு மணி நேரம். நடுவுல ஆனை நின்னா அங்கயே இருட்டிடும். சித்திகிட்ட நான் பதில் சொல்லோணும்டா" என்று மட்டும் சொன்னான்.

தம்பி மேல்வளைவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சைக்கிளைத் திருப்பினான்.

ஏறுவதை விட இறங்குவதுதான் ஆபத்து என்று மலைக்காரர்கள் சொல்வது சும்மா அல்ல. ஏறும்போது சேர்த்த சக்தி அத்தனையும் இறங்கும்போது எங்காவது போயாக வேண்டும். சைக்கிளில் அது போகும் இடம் பிரேக் கட்டையும் ரிம்மும். விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி, டியூப் வெடித்தாலும் வெடிக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவில் பிரேக்கை விட்டு, நேர்ரோட்டில் மறுபடி விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். முன்பிரேக்கை மட்டும் நம்பினால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். நாலு வளைவுக்கு ஒரு தடவை நின்று ரிம்மைத் தொட்டுப் பார்த்து, ஆறிய பிறகு கிளம்பினார்கள். தம்பி ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு புளியங்கொட்டையைத் திரும்பச் சட்டைப் பைக்கு மாற்றிக்கொண்டே வந்தான். இருட்டுவதற்குள் வெள்ளியங்காடு வந்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை தம்பி வேலைக்குப் போனான், அதே சைக்கிளில்.

இதைத் தோல்விக் கதை என்று சொல்பவர்கள் இருக்கலாம். உச்சியில் நின்று கையை விரித்து எடுத்த படம் இல்லையென்றால் ஏறினதாகவே ஒப்புக்கொள்ளாத காலம் இது. ஆனால் அந்தச் சனிக்கிழமை அந்த ரோட்டில் யாருக்கு முதல் உரிமை என்று பார்த்தால், ரோடு போடுவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே அந்தச் சரிவில் நடந்துகொண்டிருப்பவை யானைகள். தண்ணீருக்கும் தீவனத்துக்கும் அவை போகும் தடத்தின் குறுக்கே மனிதன்தான் தார் ஊற்றினான். தள்ளி நின்று வழி விட்டதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

இன்னொன்று. 'இப்படி ஒரு நல்ல ரோடு இருக்கிறது என்று எழுதினால் கூட்டம் வந்து கெடுத்துவிடாதா?' என்று சிலர் கேட்பார்கள். நியாயமான பயம். ஊட்டிக்கு வரும் கூட்டம் தாங்காமல்தான் 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் வண்டிகளுக்கு இ-பாஸ் முறையே வந்தது. ஆனால் சைக்கிளில் வருபவனால் இந்த ரோடு கெட்டுப்போகாது. முதல் நாலு வளைவே வடிகட்டிவிடும். மீறி ஏறுபவன் ஹாரன் அடிக்க மாட்டான், புகை விட மாட்டான். வாங்கிப் போடுவதற்குக் கடையும் இல்லாததால் கொண்டுவந்த குப்பையைத் திரும்பக் கொண்டு போவதும் பெரிய பாரமில்லை. கெடுப்பது வேகமும் சத்தமும், வண்டியை நிறுத்தி யானையோடு படம் எடுக்க நினைக்கும் ஆசையும்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். விடிந்ததும் கிளம்புங்கள், மாலைக்குள் காட்டைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். தனியாகப் போகாதீர்கள். செக்போஸ்ட்டில் இருப்பவர்களிடமும் எதிரே வரும் பஸ் டிரைவரிடமும் மேலே நிலைமை என்ன என்று கேளுங்கள், அவர்கள் வேண்டாம் என்றால் வாதாடாதீர்கள். டியூப், பஞ்சர் சாமான், பம்ப் எடுத்துக்கொள்ளுங்கள், பஞ்சர் கடை எதையும் நம்பிப் போகாதீர்கள். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் புதிதாக மாற்றிய பிறகே புறப்படுங்கள். கியர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தள்ளுங்கள், லபீஸே தள்ளியிருக்கிறார்.

பட்டறையில் வாரத்துக்கு ஒரு நாள் லீவு, அது ஞாயிற்றுக்கிழமை. ஒரே நாளில், ஒற்றைக் கியரில் ஏறி இறங்க அது போதாது. தம்பி சம்பளத்தில் மாதம் கொஞ்சம் எடுத்து வைக்கிறான், பழைய கியர் சைக்கிள் ஒன்று வாங்க. மீதிப் புளியங்கொட்டை பன்னிரண்டையும் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறான். வளைவுகள் எங்கேயும் போய்விடாது.